இரண்டு மணி ஜெபம்

துடியலூர்ப் பக்கம் இருக்கும் அந்த நூல் மில்லில் தங்கராஜ் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டைமாபீஸ்காரர் என்று கேட்டால் கேட்டுக்கு வெளியே டீ விற்பவர்கூடக் கை காட்டிவிடுவார். ஷிப்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருடமாக அவருக்கு வேலை. ஐந்து நிமிடம் சலுகை உண்டு. ஆறாவது நிமிடம் வந்தால் அரை நாள் போச்சு, அழுதாலும் சரி, தலைகீழாக நின்றாலும் சரி. சொந்த மச்சினனுக்கே அரை நாள் வெட்டிய மனுஷன் அவர். அந்த மச்சினன் மூன்று கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக்கைத் தொடவில்லை.

இப்படிப்பட்டவர்தான் கடவுளிடம் ஒரு மணி ஐந்து நிமிடம் லேட்டாகப் போனார்.

அதே மில்லில் தம்பிதுரை மெயின்டனன்ஸ் போர்மன். காரமடைக்காரர், ஊரில் நாலு ஏக்கர் வாழை உண்டு. தங்கராஜைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் இவருக்கு 'அண்ணா'. இருபது வருடமாக இரண்டு பேரும் கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். இந்த வருடம் ஆடி மாதத்தில் தம்பிதுரைக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு.

அதற்கு முந்தைய வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டு தம்பிதுரை சொன்னார்.

"ஏனுங்க தங்கராஜு, ரங்கநாதர்கிட்ட என்ற ஊட்டுக்காரி சொல்லிப்போட்டா. குலசாமிகிட்டவும் சொல்லியாச்சு. உங்க ஆண்டவர்கிட்டத்தான் எனக்கு ஆள் இல்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும்."

"ஒரு வார்த்தை என்னங்ணா, பன்னெண்டு மணி நேரம் சொல்லிப்போடலாம்" என்றார் தங்கராஜ்.

அவர் சபையில் சங்கிலி ஜெபம் என்று ஒரு வழக்கம் உண்டு. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு வரை பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் இருக்கிற இடத்திலேயே ஜெபிப்பார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குப் போன் போட்டு "புடிச்சுக்கங்க" என்பார். அவர் "புடிச்சுக்கிட்டேன்" என்ற பிறகுதான் இவர் விடுவார். நடுவில் அறுந்துவிடக் கூடாது. சபையில் இல்லாத ஒருவருக்காக, அதுவும் நெற்றி நிறைய நாமம் போடுகிறவருக்காகச் சங்கிலி போட்டது அதுதான் முதல் தடவை. பட்டியல் எழுதிய ஜெபராணி, ஓய்வு பெற்ற நர்ஸ், இரண்டு மணிக்கு யார் என்று கேட்டதும் தங்கராஜ் கையைத் தூக்கினார்.

"ரெண்டு மணிக்கு உங்களுக்கு ஷிப்டு மாறுமேங்ணா" என்றார் ஜெபராணி.

"அத நான் பாத்துக்கறேன்மா. உள்ள கூட்டிட்டுப் போற நேரத்துல நான்தான் இருக்கோணும்."

செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்காலுக்கே ஏற்பாடெல்லாம் தயார். ஸ்டோர் ரூமில் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டாயிற்று. கேட்டைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் கதிர்வேலிடம் சொல்லியாயிற்று. ஒன்று ஐம்பத்தெட்டுக்கு முன் ஆளிடமிருந்து போன் வந்தது. "புடிச்சுக்கிட்டேன்" என்றார். ஆனால் எழுந்து போகவில்லை. கதிர்வேல் இளகின மனசுக்காரன், ஏழு நிமிடம் லேட்டானவளையும் ஐந்து என்று விட்டுவிடுவான். சலுகை நேரம் முடியட்டும், இரண்டு ஐந்துக்கு எழுந்து போனால் போச்சு என்று உட்கார்ந்தே இருந்தார்.

இரண்டு ஆறுக்குப் பாப்பாயி வந்தாள்.

நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் வேலை பார்ப்பவள். நூல் முடிச்சுப் போட்டுப் போட்டு விரல் ரேகையே தேய்ந்துபோனவள், அவள் விரலைக் கேட்டில் இருக்கும் வருகைப்பதிவு மிஷின் லேசில் ஏற்காது. தான் இரண்டு நாலுக்கே வந்துவிட்டதாகவும், மிஷின்தான் இரண்டு நிமிடம் தன் விரலை வைத்து விளையாடியதாகவும் சொன்னாள். மிஷின் இரண்டு ஆறு என்கிறது என்றார் தங்கராஜ்.

"மிசினு சொல்றதத்தான் கேப்பீங்க, மனுசி சொல்றதக் கேக்க மாட்டீங்களாங்க" என்றாள் பாப்பாயி.

அந்த ஒரு வார்த்தை தங்கராஜைக் கிளப்பிவிட்டது. நியாயம் என்றால் நியாயம்தான், வா, கேமராவைப் பார்த்துவிடலாம் என்று செக்யூரிட்டி ரூமுக்கு அழைத்துப் போனார். படத்தைப் பின்னால் ஓட்டினார்கள். பாப்பாயி கேட்டுக்குள் பின்பக்கமாக நடந்து வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். கேமராவில் இரண்டு மணி இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. பார்த்தீர்களா என்றாள். ஆனால் கேமராக் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கி ஓடுகிறது என்று செக்யூரிட்டிக்காரர் சொன்னார். அப்படியானால் ஐந்து நிமிடம் நாற்பது வினாடி. அது ஐந்தில் சேர்த்தியா, ஆறில் சேர்த்தியா? விதிப் புத்தகம் வந்தது. யூனியன்காரர் வந்தார். கேட்டுப் பக்கம் வந்த டிரைவர்கூட ஒரு கருத்துச் சொன்னார். நாற்பது வினாடிக்காக அங்கே ஒரு பஞ்சாயத்தே நடந்தது, தங்கராஜுக்கு அதில் ஒரு குஷி வேறு.

போன் அடித்தது. மூன்று மணிக்கு அடுத்த ஆளான ஜெபராணி. மணி மூன்று இரண்டு.

"அண்ணா, போன் வரலையேன்னு பார்த்தேன். முடிச்சாச்சுங்களா? நான் புடிச்சுக்கட்டுங்களா?"

தங்கராஜுக்கு அப்போதுதான் ஜெபமே நினைவுக்கு வந்தது. வாய் மட்டும் அதன்பாட்டுக்கு வேலை செய்தது. "முடிச்சாச்சும்மா. நீ புடிச்சுக்க" என்றார்.

போனை வைத்துவிட்டுப் பாப்பாயியை உள்ளே போகச் சொன்னார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். தங்கராஜ் ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். ஓடி என்ன பிரயோஜனம்? கண்ணை மூடினால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. ஆபரேஷன் ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நல்லதோ கெட்டதோ, அந்த ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியது நடந்திருக்கும். அவர் பொறுப்பெடுத்தது அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான். போன நேரத்துக்காக இப்போது கேட்டால் அது எங்கே போய்ச் சேரும்? சேர்கிற இடத்தில் சேரட்டும் என்று மூன்று ஐந்துக்கு ஆரம்பித்து நாலு மணி ஐந்து நிமிடம் வரை கேட்டார். வாழ்க்கையில் அவ்வளவு உருகி அவர் எதையும் கேட்டதில்லை.

சாயங்காலம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகச் செய்தி வந்தது. தங்கராஜ் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அழுது முடித்த பிறகும், லேட்டாகக் கேட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்ற அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. காதுக்குள் புகுந்த தண்ணீர் மாதிரி உள்ளேயே நின்றது.

வெள்ளிக்கிழமை தம்பிதுரையை வார்டுக்கு மாற்றினார்கள். தங்கராஜ் போதகரையும் அழைத்துக்கொண்டு போனார். தம்பிதுரை ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி படுத்திருந்தார். இருமினால் தையல் பிரியாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"ஐயா, உங்க சபைக்கு நான் ஒண்ணு சொல்லோணுமுங்க" என்றார் போதகரிடம். குரல் சன்னமாக வந்தது. "உள்ள கொண்டுபோறப்ப ஒடம்பு நடுங்கிட்டிருந்துச்சு. செவுத்துல கடியாரம் இருந்துச்சுங்க. ரெண்டு பத்து. சரி, தங்கராஜு இந்நேரம் உக்காந்திருப்பாரு, அந்த மனுசன் ஒரு நிமிசம் தப்ப மாட்டாருன்னு நெனச்சனுங்க. அத்தோட பயம் உட்டுப்போச்சு. நிம்மதியாக் கண்ண மூடிட்டேன்."

தங்கராஜின் முகத்தில் ஈயாடவில்லை. போதகர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனையில் தங்கராஜ் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார். சபை முன்னால் எழுந்து நின்று, இரண்டு மணிக்கு நான் ஜெபித்தேன், ஆண்டவர் கேட்டார் என்று சொல்ல வேண்டும்.

கீழே ஆஸ்பத்திரிக் கேன்டீனில் காபி குடிக்கும்போது தங்கராஜ் மெல்ல ஆரம்பித்தார்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. உலகத்த உண்டாக்கறதுக்கு முந்தி ஆண்டவர் என்ன பண்ணிட்டிருந்தாருங்க?"

போதகர் சிரித்தார். "டைமாபீஸ்காரர் கேக்க வேண்டிய கேள்விதான். முந்திங்கறதே அப்ப இல்லீங்க. நேரமும் அவரு உண்டாக்குனதுதான். மில்லு கட்டறதுக்கு முன்னாடி அங்க எத்தன மணிக்கு ஷிப்டு மாறுச்சுன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"ஷிப்டே இல்லைம்பேன்."

"அவ்வளவுதான். அவருக்கு நேத்து நாளைங்கறது இல்ல. எல்லாம் ஒரே சமயத்துல அவரு முன்னாடி இருக்கு."

தங்கராஜுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது. "அப்ப ஒரு ஜெபம் லேட்டாப் போச்சுன்னா?"

"லேட்டுங்கறது நமக்குத்தானுங்க. நாளைக்கு நீங்க கேக்கப்போறத நெனச்சு அவரு நேத்தே குடுத்திருக்கலாம்."

"அப்ப கேக்காமயே இருந்துட்டா? கேக்க மாட்டான்னும் நேத்தே தெரிஞ்சிருக்குமே. தெரிஞ்சிருந்தா நான் எப்படிங்க மாத்திக் கேக்க முடியும்?"

போதகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். இந்த இடத்தில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்றார். தெரிந்திருப்பது வேறு, நம் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது வேறு என்றும் சொன்னார். பிறகு தங்கராஜை ஒரு பார்வை பார்த்தார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க" என்றார் தங்கராஜ். அந்த வாரத்தில் அது இரண்டாவது பொய்.

அதற்குப் பிறகு அவருக்கு இதே யோசனைதான். மில்லில் சாயங்காலம் அன்றைய வருகைப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்தால் காலை ஆறு மணி ஷிப்டும் மத்தியான ஷிப்டும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாக நின்றன. வேலைக்கு வந்தவர்களுக்கு நாள் மணி மணியாகப் போயிருக்கும், இவருக்கு மட்டும் மொத்தமாக ஒரு தாள். ஆண்டவர் பார்ப்பது இப்படித்தானோ என்று நினைத்தார். உடனே ஒரு இடி. நாள் முடிந்த பிறகுதானே இவர் பார்க்கிறார். ஆண்டவருக்கு முடிந்த பிறகு என்று ஒன்று கிடையாதே. அப்படியானால் அவர் எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார்? இதில் மூழ்கி, ஏழு நிமிடம் லேட்டாக வந்த இரண்டு பேரை உள்ளே விட்டுவிட்டார். மில்லே அதிசயித்தது.

என்ன குழம்பினாலும் கடைசியில் அவருக்கு வசதியான இடத்தில்தான் வந்து நின்றார். ஆண்டவருக்கு நேரமே இல்லை. ஆகவே மூன்று ஐந்துக்குச் செய்த ஜெபமும் இரண்டு மணி ஜெபமும் ஒன்றுதான். ஆகவே இரண்டு மணிக்கு ஜெபித்தேன் என்பது பொய்யே அல்ல. அடுத்த வெள்ளிக்கிழமை, சாட்சி ஞாயிறுக்கு இரண்டே நாள் இருக்கையில், இதை அப்படியே மனைவி டெய்சியிடம் சொன்னார். நடந்ததையும் அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார்.

டெய்சி தோசை ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டார். ஆரம்பப் பள்ளியில் இருபது வருடமாகப் பிள்ளைகளின் சாக்குப்போக்குகளைக் கேட்டுப் பழகியவர்.

"ஆண்டவருக்கு லேட்டே இல்லைன்னு வெச்சுக்கலாமுங்க. அவருக்கு எல்லாமே இப்பத்தான். சரிங்களா?"

"அதத்தான் சொல்றேன்."

"அப்ப மூணு மணி ரெண்டு நிமிசத்துக்கு ஜெபராணிகிட்ட நீங்க பொய் சொன்னீங்கல்ல. அதுவும் அவருக்கு முடிஞ்சுபோன கதை இல்லீங்க. இன்னும் சொல்லிட்டேதான் இருக்கீங்க." தோசையைத் திருப்பிப் போட்டார். "அண்ணன் ரெண்டு பத்துக்கு உங்கள நம்பிக் கண்ண மூடுனாரே, அதுவும் இப்பத்தான். ஆண்டவருகிட்ட கணக்கு சரியாப்போச்சுன்னு நீங்க சொல்லிக்கலாம். அந்த மனுசன் நேரத்துக்குள்ள இருக்கறவருங்க."

தங்கராஜ் தோசைத் தட்டை நகர்த்தி வைத்தார். நித்தியம் என்பது தனக்குத் தோதான பக்கம் மட்டும் கதவு திறக்கும் என்று நினைத்திருந்தார். அது எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு, யாரும் பார்க்காத வெட்கம்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னார். போதகர் கோபிக்கவில்லை. சாட்சியை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றார். "இல்லீங்கய்யா, நாளைக்கு நடந்தத நடந்தபடியே சொல்லிப்போடறேன். ஆனா அண்ணன் அத இன்னொருத்தர் வாயால கேக்கக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுக் காரமடை பஸ் ஏறினார்.

தம்பிதுரை வியாழக்கிழமையே வீடு திரும்பியிருந்தார். ஹாலில் கட்டில் போட்டு, முதுகுக்கு நாலு தலையணை அண்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சென்னியம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. அம்மணி, டைமாபீஸ்காரருக்குக் காப்பி வையி."

"காப்பி அப்பறம் குடிக்கறேனுங்ணா. மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறேன்" என்று தங்கராஜ் நின்றுகொண்டே சொல்ல ஆரம்பித்தார். ஒன்று ஐம்பத்தெட்டு, இரண்டு ஆறு, மூன்று இரண்டு, மூன்று ஐந்து என்று எல்லாவற்றையும் மணி வாரியாகச் சொன்னார். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியாது.

நாற்பது வினாடிக்குக் கேமராவை ஓட்டிப் பார்த்த இடம் வந்ததும் தம்பிதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, வலி தாங்காமல் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாப்பாயிகிட்டயா மாட்டுனீங்க" என்று கேட்டார். தங்கராஜும் சிரித்தார். எவ்வளவு நல்ல மனுஷன் இவர் என்று நெஞ்சு நிறைந்தது.

சென்னியம்மாள் சிரிக்கவில்லை. உரித்த ஆரஞ்சைத் தட்டில் வைத்தார்.

"நானும் சொல்லிப்போடறேனுங்க" என்றார் கணவரைப் பார்க்காமல். "ரெண்டு மணிக்கு ரங்கநாதர் முன்னாடி நிக்கறேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸப் புடிச்சு வாரதுக்குள்ள மத்தியானத்துக்கு நடை சாத்திட்டாங்க. நாலு மணிக்குத்தான் தொறப்பாங்கன்னுட்டாங்க. வெளிய உக்காந்தனுங்க. மூணு நாளாத் தூங்காத ஒடம்பு. அப்படியே தூங்கிப்போட்டேன். எந்திரிச்சப்ப மூணே முக்கால்."

தம்பிதுரையின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார், தங்கராஜைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பத்துக்கு யாருமே இல்லீங்களா?"

தங்கராஜிடம் பதில் இருந்தது. ஆண்டவருக்கு நேரம் இல்லை, மூன்று ஐந்தும் இரண்டு பத்தும் அவருக்கு ஒன்றுதான் என்று ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பதில். வாய் வரைக்கும் வந்த அதை அப்படியே விழுங்கிவிட்டார். "நான் இல்லீங்ணா" என்று மட்டும் சொன்னார்.

தம்பிதுரை தன் கைகளைப் பார்த்தார். தலையணைமேல் இருந்த விரல்கள் நடுங்கின. சென்னியம்மாள் பதறிப்போய் டாக்டருக்குப் போன் போடட்டுமா என்று கேட்டார். தம்பிதுரை வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நெஞ்சு நல்லாத்தான் இருக்குது. பயமா இருக்குது, அவ்வளவுதான். அன்னைக்கு வர வேண்டிய பயமுங்க. இப்பத்தான் வருது."

தங்கராஜ் கட்டிலோரம் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். தம்பிதுரை வேண்டாம் என்பதுபோல ஒரு விரலை உயர்த்தினார்.

"மூணு அஞ்சுக்குச் செஞ்சேன்னீங்கல்ல. எனக்கு அது தெரியாது, என்ற காதுல கேக்கல. இப்பச் செய்யுங்க. எனக்குக் கேக்கற மாதிரி."

"என்னன்னுங்ணா செய்யறது? ஆபரேஷன்தான் முடிஞ்சுபோச்சே."

"எனக்கு இன்னும் முடியலீங்க தங்கராஜு" என்றார் தம்பிதுரை. "ரெண்டு மணியிலிருந்து ஆரம்பிங்க."

சென்னியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வாசலில் யாரோ வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தங்கராஜ் கண்ணை மூடினார். இந்தத் தடவை என்ன கேட்பதென்று அவருக்குத் தெரிந்தது.

"ஆண்டவரே, மணி ரெண்டாச்சுங்க" என்று ஆரம்பித்தார். "தம்பிதுரை அண்ணன உள்ள கூட்டிட்டுப் போறாங்க."